கமிட்டி விலை, செல்போன் விலை

செஞ்சியில் நெல் விலையைக் குவிண்டாலில் பேசுகிறவர்கள் அபூர்வம். மூட்டைதான் கணக்கு; மூட்டை என்றால் 75 கிலோ. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் மூட்டைக்கு அறுபது கிலோவை ஒட்டிய கணக்கு. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். இ-நாம் இணையதளத்தைத் திறந்தால் 100 கிலோ. நான்கு இடத்திலும் தலைப்பு ஒன்றே: ‘நெல் விலை’.

செல்போனில் 2,200 என்று பார்த்துவிட்டு ஒருவர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வருகிறார். கமிட்டியில் அவருடைய லாட்டுக்கு 1,650 என்கிறார்கள். “ஐந்நூத்தம்பது ரூபா எங்கப்பா போச்சு?” எங்கேயும் போகவில்லை. குவிண்டால் 2,200 என்றால் 75 கிலோ மூட்டை 1,650. பக்கத்தில் நிற்கும் பையன் கணக்குப் போட்டுக் காட்டினால் இந்தச் சண்டை அரை நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காத வித்தியாசங்களும் இருக்கின்றன. இந்தக் குறிப்புகள் அவற்றுக்காக.

*

பெயர்ப்பலகையில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். ஊரார் வாயில் கமிட்டி. மேல்மலையனூர், வல்லம், ஆலம்பூண்டி என்று சுற்றுவட்டாரம் முழுவதும் நெல்லையும் மணிலாவையும் (வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர்) ஏற்றிக்கொண்டு வருவது இங்கேதான். தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கினால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் மூட்டை வந்து இறங்கும். உள்ளே இடம் நிரம்பினால் வண்டிகள் சாலையில் வரிசை கட்டும். விலை திடீரென்று இறங்கிய நாட்களில் அதே சாலையில் விவசாயிகள் உட்கார்ந்து மறியல் செய்ததும் ஊருக்குப் புதிதல்ல. அந்த மறியல்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: “நேத்து ஒரு வெல, இன்னிக்கு ஒரு வெலயா?”

நியாயமான கேள்வி. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நேற்றைய விலை என்று சொன்னது யாருடைய நெல்லுக்குக் கிடைத்த விலை?

*

ஏலம் நடக்கும் விதம் தெரியாமல் இந்த வித்தியாசம் புரியாது. வந்த நெல் குவியல் குவியலாக, ஆளுக்கு ஒரு லாட் என்று வரிசைப்படுத்தப்படும். லாட்டுக்கு எண் உண்டு. வியாபாரிகள் நடந்து வந்து கையில் அள்ளிப் பார்ப்பார்கள். நகத்தால் உமியைப் பிளந்து, பல்லில் கடித்து, ஈரத்தையும் பதரையும் அளந்துகொள்வார்கள். பிறகு லாட் எண்ணையும் தாம் தரும் விலையையும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டி திறக்கும்வரை ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. எவருடைய சீட்டில் விலை அதிகமோ லாட் அவருக்கு. மறைமுக ஏலம் என்று அதற்குப் பெயர். பிடிக்காவிட்டால் விவசாயி மறுக்கலாம், நெல்லைக் கட்டி வைத்துவிட்டு மறுநாள் ஏலத்துக்கு விடலாம்.

2016 ஏப்ரல் 14ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய தேசிய வேளாண் மின்னணுச் சந்தை, அதாவது இ-நாம், இந்தச் சீட்டுப் பெட்டியின் வேலையைக் கணினிக்கும் செல்போனுக்கும் மாற்றியது. எட்டு மாநிலங்களில் 21 சந்தைகளோடு ஆரம்பித்தது, 2020 மே மாதத்தில் 1,000 சந்தைகளைத் தொட்டது. தமிழ்நாட்டுச் சந்தைகளும் பிறகு சேர்ந்தன. செஞ்சியும் அந்த வலையில் இருக்கிறது. வாசலில் பதிவு, லாட் எண், தர ஆய்வு, விலைக் கோரிக்கை, வெற்றி அறிவிப்பு, எடை, பில், வங்கிக் கணக்கில் பணம். காகிதத்தில் இத்தனை படிகள். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் காட்டப்படுவதோ இந்தப் படிகளில் நடுவே வரும் ஒன்று மட்டும்.

*

இ-நாம் தளத்தில் ஒரு சந்தைக்கு ஒரு நாளைக்கு மூன்று விலை வரும். குறைந்தபட்சம், அதிகபட்சம், மூன்றாவதாக அதிக அளவு சரக்கு எந்த விலையில் கைமாறியதோ அது. 2000ஆம் ஆண்டில் வந்த அக்மார்க்நெட் தளத்திலும் இதே மூன்றுதான்.

ஒரு நாள் ஒரே ரகத்தில் ஐந்து லாட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 40 மூட்டை 1,600 ரூபாய்க்கு. 60 மூட்டை 1,620. 120 மூட்டை 1,650. 75 மூட்டை 1,700. கடைசியாக ஒருவர் களத்தில் நாலு நாள் காயவைத்து, தூற்றி, விதை நெல் மாதிரி கொண்டுவந்த 5 மூட்டை 1,950. மொத்தம் 300 மூட்டை.

தளம் காட்டுவது: குறைந்தபட்சம் 2,133, அதிகபட்சம் 2,600, பெருமளவு விற்ற விலை 2,200. (குவிண்டாலுக்கு.)

அந்த 2,600ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2025–26 பருவத்துக்குச் சன்ன ரக நெல்லுக்குத் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையோடு அறிவித்த விலை 2,545. ஆக, “அரசு விலையைத் தாண்டியது தனியார் விலை” என்று மறுநாள் யாராவது எழுதினால் எண்ணில் தப்பே இல்லை. 300 மூட்டையில் 295 மூட்டை அரசு விலைக்குக் கீழேதான் போயிருக்கிறது. 5 மூட்டைதான் தாண்டியது.

பெருமளவு விற்ற விலைக்கும் ஒரு குணம் உண்டு. மேலே உள்ள கணக்கில் அதை முடிவுசெய்தது 120 மூட்டை கொண்டுவந்த ஒரே ஆள். பெரிய லாட் யாருடையதோ அவர் விலை அன்றைக்கு ஊர் விலையாகிவிடும். அந்த 120 மூட்டைக்காரர் ஈர நெல்லோடு வந்திருந்தால் 1,500க்குப் போயிருக்கும்; தளத்தில் செஞ்சி விலை குவிண்டாலுக்கு 200 ரூபாய் விழுந்ததாகத் தெரியும். மற்ற நான்கு பேருக்கும் ஒரு பைசாகூடக் குறைந்திருக்காது.

*

ரகப் பெயர் இன்னொரு சிக்கல். பிபிடி சன்ன நெல்லும் ஏடிடி 37 குண்டு நெல்லும் பக்கத்துப் பக்கத்துக் குவியலாகக் கிடந்தாலும் ஒரே விலைக்குப் போகாது. சாப்பாட்டு அரிசிக்கு ஒன்று, இட்லிக்கும் பொரிக்கும் ஒன்று. வாங்கும் ஆலையே வேறு. கோ 51 வேறு, வெள்ளைப் பொன்னி வேறு. வாசலில் பதிவு செய்பவர் அவசரத்தில் ‘சாதா’ என்றோ ‘மற்றவை’ என்றோ தட்டிவிட்டால் எல்லாம் ஒரே பெட்டிக்குள் விழும். பிறகு அந்தப் பெட்டியின் குறைந்தபட்ச விலை குண்டு நெல்லுடையது, அதிகபட்ச விலை பொன்னியுடையது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து “வியாபாரிகள் கூட்டு சேர்ந்து அடிக்கிறார்கள்” என்று ஒருவரும், “சந்தை சூடாக இருக்கிறது” என்று இன்னொருவரும் சொல்லலாம். இரண்டுக்குமே அந்த எண்ணில் ஆதாரம் கிடையாது.

கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவது நடக்காத காரியம் என்று சொல்ல வரவில்லை. வாங்க வரும் வியாபாரிகள் எண்ணிக்கை குறைந்தால் அது எந்த ஏலத்திலும் எளிது. அதைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு லாட்டுக்கு எத்தனை பேர் விலை போட்டார்கள், முதல் விலைக்கும் இரண்டாவது விலைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். அந்த விவரம் கணினிக்குள் இருக்கிறது. நாளின் விலைப் பட்டியலில் இல்லை.

*

அரசு விலை என்ற ஒரே எண்ணை மூன்றாகப் பார்க்கலாம். மத்திய அரசு 2025–26க்கு அறிவித்த ஆதரவு விலை சன்ன ரகத்துக்கு 2,389, சாதா ரகத்துக்கு 2,369. மாநிலம் முறையே 156, 131 சேர்த்தது. 2,545, 2,500. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்துக்குச் சன்ன ரகம் 1,018. செஞ்சி மூட்டைக்கு மாற்றினால் 1,908 ரூபாய் 75 காசு.

அப்படியானால் 1,650க்கு ஏன் கமிட்டியில் விற்கிறார்கள்? வெளியூர்க்காரர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழைக் காலத்தில் தளர்வு கேட்டு மாநிலம் மத்திய அரசுக்கு எழுதும், குழு வரும், பார்க்கும். சிட்டா அடங்கல் வேண்டும், பதிவு வேண்டும், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கமிட்டியில் ஈர நெல்லுக்கும் விலை உண்டு, குறைவாக. அறுப்பு மெஷினுக்கு மணிக் கணக்கில் வாடகை பாக்கி, கடைக்காரருக்கு உரக் கடன், வீட்டில் ஒரு காரியம். இன்றைக்கே கைக்கு வரும் 1,650, அடுத்த மாதம் வரக்கூடிய 1,908ஐவிடச் சிலருக்குப் பெரிய தொகை. விலைப் பட்டியலில் பணம் கைக்கு வரும் நாள் என்று ஒரு கட்டம் இருந்தால் இந்தக் கேள்விக்கே வேலையிருக்காது.

*

“அண்ணே, உங்க லாட்டு என்னாச்சு?”

“ஆயிரத்து எழுநூறு போட்டிருக்கான்.”

“பரவாயில்லயே.”

“போட்டிருக்கான்னுதான் சொன்னேன். இன்னும் எட போடல.”

கமிட்டி மரத்தடியில் காதில் விழுந்த பேச்சு. விஷயம் முழுவதும் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. ஏலத்தில் ‘போட்ட’ விலை ஒன்று. எடை முடிந்து, சாக்கு எடை கழித்து, பில்லில் ஏறும் தொகை இன்னொன்று. கணக்கில் பணம் விழுவது மூன்றாவது. தளத்தில் ஏறுவது முதலாவது.

மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால் என்ன ஆகும்? குவிண்டால் 2,200 என்றால் கிலோ 22 ரூபாய். நூறு மூட்டைக்கு 2,200 ரூபாய். அதாவது ஒரு குவிண்டால் நெல் காணாமல் போகிறது. விலைப் பட்டியலில் ஒரு பைசா மாற்றம் இல்லை. விலையைத் தொடாமல் விலையைக் குறைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. எடை மேடையும் அதில் ஒளிரும் எண்ணும் ஏலத் திரையைவிட முக்கியம் என்று பழைய விவசாயிகள் அங்கேயே நிற்பது இதனால்தான்.

கமிட்டியில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. ஒரு சதவீதச் சந்தைக் கட்டணம் வாங்கும் வியாபாரி தலையில். ஆனால் வியாபாரி முட்டாள் இல்லை. தான் கட்ட வேண்டிய கட்டணத்தையும் லாரி வாடகையையும் மனதில் கழித்துவிட்டுத்தான் விலை போடுவார். விவசாயிக்கோ கமிட்டிக்கு வந்து சேரும் வண்டி வாடகை, ஏற்றுக் கூலி, தார்ப்பாய், இரண்டு நாள் காவல் இருந்தால் சாப்பாட்டுச் செலவு.

*

விலைக்கும் கைக்கு வருவதற்கும் நடுவே காணாமல் போகும் இந்தத் துண்டுகளை ஒழிக்கத்தான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமே வந்தது. லின்லித்கோ தலைமையிலான அரச வேளாண்மைக் குழு 1928இல் தன் அறிக்கையில் இப்படிப்பட்ட சந்தைகள் வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம். 1936இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் கூடம். அதற்குமுன் தரகர் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். சரக்குக்குச் சொந்தக்காரருக்கே பேரம் தெரியாது. பிறகு மாதிரிக்கு ஒரு கை, கோயில் மகமைக்கு ஒரு கை, எடைபோடுகிறவனுக்கு ஒரு கை என்று அள்ளிக்கொள்வார்கள்.

துண்டை எடுத்துவிட்டுச் சீட்டு வந்தது. சீட்டை எடுத்துவிட்டுத் திரை வந்தது. விலை வெளிச்சத்துக்கு வந்தது உண்மை. கழிவு இன்னும் அந்த அளவு வெளிச்சத்துக்கு வரவில்லை.

*

செஞ்சியில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்கு இணையதளம் கிடையாது. எடை மேடையும் கிடையாது. ஆட்டின் முதுகில் கை வைத்துப் பார்த்து, தூக்கிப் பார்த்து, “உயிரோட எத்தன கிலோ தேறும்?” என்ற மதிப்பில் பேரம். விடியற்காலையிலேயே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். தீபாவளி, பொங்கல், பக்ரீத் நேரத்தில் மறுநாள் செய்தி கட்டாயம் வரும்: செஞ்சிச் சந்தையில் இத்தனை கோடிக்கு ஆடுகள் விற்பனை.

அந்தக் கோடி எப்படி வருகிறது? பில் இல்லாத சந்தையில் கூட்டிப் பார்க்க எதுவும் இல்லை. வந்த வண்டிகளைக் கண்ணால் எண்ணி, வண்டிக்கு இத்தனை ஆடு, ஆட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கினால் ஒரு எண் வரும். விற்காமல் திரும்பிப் போன ஆடுகளும் அதில் சேர்ந்திருக்கும். காலையில் ஒருவர் வாங்கி அங்கேயே இன்னொருவருக்கு ஐந்நூறு ரூபாய் லாபத்தில் கைமாற்றிய ஆடு இரண்டு தடவை சேர்ந்திருக்கும். ஆனாலும் ஊரில் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. அது மதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். நெல் விலைப் பட்டியலில் கடைசி ரூபாய்வரை எழுதியிருப்பதால் அதைத் துல்லியம் என்று நம்பிவிடுகிறோம்.

*

விலையை இன்னும் விவரமாகச் சொல்லும் சந்தைக்கு ஓர் உதாரணம், போடிநாயக்கனூர் ஏலக்காய். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் மின்னணு ஏலம் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஒவ்வொரு ஏலத்துக்கும் வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று தனித்தனி எண்களாக வெளியிடுகிறார்கள். வரத்தையும் விற்பனையையும் தனித்தனியாகச் சொல்வது நல்ல வழக்கம்.

2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது நாடே அதைப் பேசியது. அன்றைய சராசரி அதைவிட வெகு கீழே. ஆனால் மளிகைக் கடைக்காரர் விலை ஏற்றியது ஏழாயிரத்தைச் சொல்லித்தான். விற்கப் போனால் சராசரி, வாங்கப் போனால் உச்சம்.

அங்கே இன்னொரு நோயும் உண்டு. ஒரு ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரி திரும்ப இன்னொரு ஏலத்துக்குக் கொண்டுவருவது. வரத்து பெருகியதுபோலத் தெரியும், விலை இறங்கும். செடியிலிருந்து ஒரு தடவை பறித்த காய் கணக்கில் இரண்டு தடவை பறிக்கப்பட்டிருக்கும். விவசாயிகள் சங்கங்கள் இதை வெகு காலமாகச் சொல்லி வருகின்றன.

*

உலக அளவிலும் இதே கதை. 1995இல் தொடங்கிய இபே தளத்தில் விற்றுமுடிந்த பொருள்களைத் தனியே வடிகட்டிப் பார்க்கலாம். பழைய பொருள் சேகரிப்பவர்கள் விலை தெரிந்துகொள்ள அதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் விற்பவர் நூறு டாலர் கேட்டு, வாங்குபவர் அறுபது தருகிறேன் என்று பேரம் பேசி முடித்திருந்தால், பட்டியலில் நூறு அடிக்கப்பட்டு ‘பேரம் ஏற்கப்பட்டது’ என்று மட்டும் நிற்கும். அறுபது தெரியாது. நடக்காத விலை கண்ணுக்குத் தெரிகிறது, நடந்த விலை தெரியவில்லை. அந்த அறுபதைத் தேடிக் கொடுப்பதற்கென்றே வேறு தளங்கள் முளைத்திருக்கின்றன.

பெரிய ஏல நிறுவனங்களில் சுத்தியல் விலை ஒன்று, வாங்குபவர் கட்டணம் சேர்ந்த விலை ஒன்று. வாங்குபவரிடம் தனியாகக் கட்டணம் வாங்கும் பழக்கத்தை லண்டனில் கிறிஸ்டீஸும் சோதபியும் 1975இல் கொண்டுவந்தன. 2017 நவம்பரில் லியோனார்டோ டா வின்சியின் ‘சால்வதோர் முண்டி’ 40 கோடி டாலருக்குச் சுத்தியல் விழுந்தது; விற்ற விலை என்று உலகம் படித்தது 45 கோடி. உத்தேச மதிப்பைக் கட்டணம் சேர்க்காமலும் விற்ற விலையைக் கட்டணம் சேர்த்தும் சொல்வது அவர்கள் வழக்கம். உத்தேசத்தைத் தாண்டி விற்றது என்ற செய்திகளில் ஒரு பங்கு இப்படித் தாண்டியவை.

இதே ஏல விலையில் செஞ்சியை ஆண்ட மராட்டியர் சம்பந்தமாக ஒன்று. சிவாஜி 1677இல் பிடித்து, ராஜாராம் 1698வரை தலைநகராக வைத்திருந்த செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு ஏப்ரலில் நாக்பூரின் மராட்டியத் தளபதி ரகுஜி போன்ஸ்லேயின் வாள் லண்டன் சோதபி ஏலத்துக்கு வந்தது, மகாராஷ்டிர அரசு தரகர் மூலம் மீட்டது. அரசு சொன்ன தொகை 47.15 லட்சம் ரூபாய். கையாளும் செலவு, போக்குவரத்து, காப்பீடு எல்லாம் சேர்ந்த தொகை அது என்று அரசே சொன்னது. ஏல நிறுவனத்தின் பக்கத்தில் பவுண்டில் நிற்கும் எண்ணில் வண்டிச் செலவு கிடையாது. ஒரே வாள், இரண்டு விலை. இரண்டும் சரி, ஏனென்றால் எது எதைச் சேர்த்தது என்று சொல்லிவிட்டார்கள்.

*

கேட்ட விலையை விற்ற விலையாகக் காட்டுவதில் இன்னொன்று, பழைய காசு மோகம். “இந்த அஞ்சு ரூபா நோட்டு உங்ககிட்ட இருந்தா லட்சாதிபதி” என்று செல்போனுக்குச் செல்போன் சுற்றும் படம். அதில் காட்டுவது யாரோ தளத்தில் கேட்டு வைத்த விலை. கேட்க யாருக்கும் உரிமை உண்டு. கொடுத்தவர் யார் என்று அதில் இருக்காது. விற்க முன்வருபவரிடம் ‘கமிஷன்’, ‘வரி’ என்று முன்பணம் கறப்பதுதான் பின்னால் உள்ள தொழில். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதி, தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று அறிக்கையே விட்டது.

கோட்டையைச் சுற்றிய நிலங்களில் ஏர் ஓட்டும்போது பழைய செப்புக் காசு தட்டுப்படுவது உண்டு. தளத்தில் விலை பார்க்கும் முன் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இரண்டையும் பார்ப்பது நல்லது. நூறு வயது தாண்டிய பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். நாட்டை விட்டு வெளியே அனுப்பவே முடியாது. வெளிநாட்டுத் தளத்தின் டாலர் விலையை நம் ஊர்க் காசுக்குப் பொருத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

*

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையடிவாரத்தில், கல்யாண மகாலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தடித்த சுவரும் வளைவுக் கூரையுமாக நெற்களஞ்சியம் நிற்கிறது. சுற்றுலா வருபவர்கள் உள்ளே போய்க் கூவி எதிரொலி கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்தில் நெல்லை எடைபோட்டதில்லை, அளந்தார்கள். படி, மரக்கால், கலம். ஊருக்கு ஊர் மரக்கால் வேறு. வாங்கும் மரக்கால் ஒன்று, கொடுக்கும் மரக்கால் ஒன்று என்று வைத்திருந்த மிராசுகளும் உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைக் கொண்டுவந்து கிலோவை எல்லோருக்கும் ஒன்றாக்கியது. மூட்டையை யாரும் ஒன்றாக்கவில்லை. மரக்காலின் வாரிசு மூட்டைதான்.

கணக்கு வித்தியாசத்தில் இந்த ஊருக்குப் பெரிய அனுபவமும் உண்டு. 1714இல் தேசிங்கு ராஜாவுக்கும் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்கும் நடந்த சண்டையில் கப்பப் பாக்கி முக்கியமான காரணம். நவாப் பாக்கி என்று கேட்டதைத் தேசிங்கு கட்ட மறுத்தார். தேசிங்கு ராஜன் கதைப்பாட்டில் அவருடைய குதிரை நிற்கிறது, பாக்கித் தொகை நிற்கவில்லை.

*

விலைப் பட்டியல் பொய் சொல்கிறது என்பது என் கட்சி இல்லை. அது ஏலத்தின் விலையைச் சொல்கிறது. படிக்கிறவர் அதை விவசாயியின் வரவாக எடுத்துக்கொள்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதைத் தளத்தில் ஏற்றக் கணினிக்குப் பெரிய சிரமம் இல்லை. எல்லாமே ஏற்கெனவே எங்கோ பதிவாகிற விவரம்தான்:

மூட்டைக்கு எத்தனை கிலோ, அதன் விலை.
லாட்டுக்கு விலை போட்டவர் எத்தனை பேர்.
அதிகபட்ச விலைக்கு விற்றது எத்தனை மூட்டை.
விவசாயி மறுத்த லாட் எத்தனை.
எடைக்குப் பின் பில்லில் ஏறிய தொகை.
பணம் கணக்கில் விழுந்த தேதி.

ஆறு கட்டம். கடைசி இரண்டை மட்டும் சேர்த்தாலும் பாதி வாய்ச்சண்டை நின்றுபோகும். அது வரும்வரை அதிகபட்ச விலையைத் தலைப்பில் போடாமல் இருந்தாலே பத்திரிகைகள் செய்யும் உபகாரம் பெரியது.

*

நெல் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாட் எண் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் போடாமல் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரகம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று வாசலிலேயே பாருங்கள்; ஏலம் முடிந்தபின் அதை மாற்றச் சொல்லிக் கேட்டால் நேரம்தான் போகும். போட்ட விலையை அறிவித்தவுடன் ‘மூட்டைக்கா, குவிண்டாலுக்கா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கம் வேண்டாம். சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை முதல் மூட்டை மேடை ஏறும்போதே பேசி முடியுங்கள். வித்தியாசம் இருந்தால் கமிட்டிக் கண்காணிப்பாளரிடம் போக வேண்டிய நேரம் எடைக்கு முன்னால். எடை முடிந்து மூட்டை லாரியில் ஏறிவிட்டால் உங்கள் கையில் இருப்பது மனு எழுதும் உரிமை மட்டும்.